ஊசியும் லயமும்

ஒரு சமுதாயம் தன் நோயை எவ்விதம் எழுதிக்கொள்கிறது என்பதைக் கொண்டு, அச்சமுதாயம் யாரை மனிதராக எண்ணுகிறது என்பதை அறிந்துகொள்ளலாம். காசநோயைப் பற்றித் தமிழிலே எழுதப்பட்டவற்றையும், அந்நோயை ஒழிப்பதற்கெனத் தமிழர் வாழும் மண்ணிலே செய்யப்பட்டவற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இவ்வுண்மை புலப்படும். எழுத்தாளர் கண்ட நோயாளி ஒருவர். வைத்தியர் கண்ட நோயாளி வேறொருவர். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் மலைச்சரிவுகளிலே கொழுந்து கிள்ளும் தொழிலாளியோ இவ்விருவர் கண்ணிலும் முழுமையாகப் படாதவர். அவருடைய பக்கத்தில் நின்று, சோதனை ஊசியையும் தடுப்பூசியையும், கூடவே நமது கலை இலக்கியத்தையும் மதிப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1948ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டிலே புதுமைப்பித்தன் தமது நாற்பத்திரண்டாம் வயதில், திருவனந்தபுரத்தில், காசநோயால் மாண்டார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் பிழைக்கச் சென்ற மருதி என்னும் பெண்ணின் துயரைத் ‘துன்பக்கேணி’யிலே எழுதிய அதே கை, வறுமையும் நோயும் சேர்ந்து வாட்ட ஓய்ந்துபோயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டிலே, ஆந்திரத்து மதனப்பள்ளியில், பி.சி.ஜி. தடுப்பூசி முதன்முதலாக இந்திய மக்களுக்குப் போடப்பட்டது. அக்டோபரிலே, ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து காசநோயைத் தணிக்க வல்லது என்பதைப் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் முறையான சோதனை முடிவுகளோடு உலகுக்கு அறிவித்தது. நவம்பர் 15ஆம் நாள், இலங்கையின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளரின் வழித்தோன்றல்களான ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதனால் நாடற்றவராயினர்.

இந்நான்கு நிகழ்ச்சிகளையும் நமது சரித்திர ஆசிரியர்கள் நான்கு வெவ்வேறு அத்தியாயங்களிலே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் மலைநாட்டுத் தொழிலாளியின் வாழ்விலே அவை ஒரே அத்தியாயந்தான். நோயைத் தடுக்கும் ஊசி 1949இல் இலங்கைக்கு வந்தது. ஏறத்தாழ அதே காலத்திலே அவருடைய வாக்குரிமை பறிபோயிற்று. 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மலையகம், 1952ஆம் ஆண்டுத் தேர்தலிலே வாய் இழந்து நின்றது. ஊசி என்பது அரசு தரும் பொருள். வீடும் உணவும் கூலியும் அப்படியல்ல; அவை மக்கள் கேட்டுப் பெறவேண்டிய பொருள்கள். கேட்பதற்குரிய உரிமையைப் பறித்துக்கொண்டு, தருவதற்குரியதை மட்டும் தருவது எத்தகைய சுகாதாரம்? மலையகத்தின் காசநோய்ப் பிரச்சினையை ஆராயப் புகுவோர் தொடங்கவேண்டிய கேள்வி இதுவே.

✽

தோட்டத் தொழிலாளியின் உடலைச் சோதிப்பதென்பது காசநோயோடு தொடங்கிய வழக்கமன்று. தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்து வரப்பட்டவர்கள், கடலைக் கடக்கும் முன்னர் மண்டபம் முகாமிலே தடுத்து வைக்கப்பட்டார்கள், உடல் சோதிக்கப்பட்டார்கள், அம்மைக்குத்து போடப்பட்டார்கள். அவர்களுடைய உயிரின்மீது கொண்ட அன்பினால் இது செய்யப்பட்டதன்று. நோய் தோட்டத்துக்குள் நுழைந்தால் வேலை நின்றுபோகும். துறைமுகங்களுக்குப் பரவினால் வாணிபம் நின்றுபோகும். 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைச் சட்டம், தொழிலாளரின் வைத்தியத்துக்குத் தோட்ட நிர்வாகத்தைப் பொறுப்பாக்கிற்று. நாட்டின் ஏனைய மக்களுக்கு அரசாங்கம். தோட்டத்து மக்களுக்குத் துரை. சுகாதாரத்திலே ஆசியாவுக்கே முன்மாதிரி என்று பிற்காலத்தில் உலகம் புகழ்ந்த இலங்கையின் இலவச வைத்தியம், தோட்ட எல்லைக்கு வெளியே நெடுங்காலம் நின்றமைக்கு இப்பிரிவினையே மூலகாரணம்.

இந்தத் தோட்ட வைத்தியத்தின் இயல்பை விளங்கிக்கொள்ள, கொக்கிப்புழுவின் கதையைக் காட்டிலும் சிறந்த உதாரணம் கிடையாது. 1916இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் ஸ்தாபனத்தார் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினர். தொழிலாளர்கள் வரிசையாக நிறுத்தப்பட்டுப் பூச்சி மருந்து புகட்டப்பட்டார்கள். வயிற்றிலிருந்து புழு நீங்கியது, இரத்தம் ஊறியது, வேலைத் திறன் கூடியது. ஆகவே துரைமார் இந்த மருந்தை வரவேற்றனர். ஆனால் புழுவின் முட்டை மலத்தோடு மண்ணிலே விழுந்து, புழுவாகி, வெறுங்காலின் தோலைத் துளைத்து மீண்டும் உடலுக்குள் புகுகிறது. ஆகவே மருந்தோடு கழிவறையும் வேண்டும். மருந்துச் செலவுக்கு இசைந்த நிர்வாகங்கள் கழிவறைச் செலவுக்குத் தயங்கின. மருந்து குடித்தவர் அதே மண்ணிலே நடந்து அதே புழுவை மறுபடியும் ஏற்றுக்கொண்டார். மறுபடியும் மருந்து.

எதை ஒருநாளிலே கொடுத்து முடித்துக் கணக்கெழுத முடியுமோ, அதைத் தோட்டம் கொடுக்கும். எதைக் கட்டவேண்டுமோ, எதை மாதந்தோறும் தரவேண்டுமோ, அதைத் தள்ளிப்போடும். காசநோய்க்கான ஊசி மலையகத்துக்கு வந்தபோது, இந்த வழக்கம் நிலைபெற்றிருந்த மண்ணிலேதான் அது வந்து சேர்ந்தது.

✽

ஊசிகள் இரண்டு. ஒன்று சோதனைக்கு, மற்றொன்று தடுப்புக்கு. முன்னங்கையின் தோலிலே டியூபர்குலின் என்ற பொருளைச் செலுத்தி, இரண்டு மூன்று நாட்களுக்குப் பின்னர் அவ்விடம் தடித்திருக்கிறதா என்று அளந்து பார்ப்பது மாண்டூ சோதனை. பத்து மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்திருந்தால், அவ்வுடலுக்குள் காசநோய்க் கிருமி என்றோ புகுந்திருக்கிறது என்று பொதுவாகக் கொள்வர். இதை வாசகர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். கிருமி புகுந்திருக்கிறது என்பதுதான் சோதனையின் தீர்ப்பு. நோய் பிடித்திருக்கிறது என்பதன்று. உலக மக்களிலே ஏறத்தாழ நாலில் ஒருவருடைய உடலில் இக்கிருமி உறங்குவதாக மதிப்பிடுகிறார்கள். அவர்களுள் நோயாளியாவோர் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேரே. மற்றவர்கள் கிருமியைச் சுமந்துகொண்டே வாழ்ந்து, வேறு காரணத்தால் இறக்கிறார்கள்.

அப்படியாயின் உறங்கும் கிருமியைத் தட்டி எழுப்புவது எது? போதாத உணவு, நீரிழிவு, எச்.ஐ.வி., அடுப்புப் புகை, புகையிலை, மது ஆகியவை என்று விஞ்ஞானம் விடை சொல்கிறது. 1882இல் ராபர்ட் காக் கிருமியைக் கண்டுபிடித்தார். அது மகத்தான கண்டுபிடிப்பு. ஆனால் காரணம் கிருமியோடு முடிந்துவிடுவதாகக் கொள்வோர், நெல் விளைவதற்கு விதை மட்டும் போதும், வயல் வேண்டாம் என்று சொல்பவருக்கு ஒப்பாவர். இங்கிலாந்திலே காசநோய்ச் சாவுகள், மருந்து வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே குறைந்து வந்தன என்ற உண்மையை அவர்களால் விளக்க முடியாது.

இரண்டாவது ஊசி பி.சி.ஜி. பிரெஞ்சு நாட்டின் கால்மெட், கெரான் என்னும் இருவர் வலுவிழக்கச் செய்த உயிர்க்கிருமி அது. 1921 முதல் மனிதருக்குக் கொடுக்கப்பட்டு வருகிறது. இதற்கெதிராகத் தமிழ்நாட்டிலே எழுந்த பெருங்குரல் இராஜாஜியினுடையது. 1955இல் அவர் இதை எதிர்த்து ஒரு பிரசுரமே வெளியிட்டார். உயிருள்ள கிருமியைக் கோடிக்கணக்கான குழந்தைகளின் உடலிலே செலுத்துவது தகுமா, அதன் பயன் நிரூபிக்கப்பட்டிருக்கிறதா என்பன அவருடைய கேள்விகள். இராஜாஜியின் அரசியலோடு நமக்கு உடன்பாடில்லை. விஞ்ஞானத்தின்பால் அவருக்கிருந்த ஐயத்தோடும் உடன்பாடில்லை. எனினும் கேட்டவர் யார் என்பதற்காகக் கேள்வியைப் புறக்கணிப்பது விமர்சனமாகாது. பயன் நிரூபிக்கப்பட்டிருக்கிறதா என்ற கேள்வி நியாயமானதே.

அதற்கு விடை தந்தவர்கள் செங்கற்பட்டு மாவட்டத்துக் கிராம மக்கள். 1968ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அங்கே தொடங்கிய சோதனை, உலகிலே பி.சி.ஜி.க்காக நடந்த சோதனைகளுள் மிகப் பெரிது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் தடுப்பூசியோ, ஒப்பீட்டுக்காக மருந்தற்ற வெற்றூசியோ போடப்பட்டது. பதினைந்து ஆண்டுகள் அவர்களைப் பின்தொடர்ந்து கணக்கெடுத்தனர். 1979இல் வெளியான முதல் முடிவும் 1999இல் வெளியான நிறைவு முடிவும் ஒரே செய்தியைச் சொல்லின. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த மண்ணிலே பி.சி.ஜி. தடுக்கவில்லை. குழந்தைகளிடத்தே கிடைத்த பாதுகாப்பும் சொற்பமே.

இராஜாஜி வென்றாரா? இல்லை. பிறந்த குழந்தைக்குப் போடப்படும் பி.சி.ஜி., மூளைக்கவசத்தைத் தாக்கும் காசநோயிலிருந்தும், உடலெங்கும் பரவும் காசநோயிலிருந்தும் பச்சிளம் உயிர்களைக் காப்பாற்றுகிறது என்பது பல நாடுகளின் ஆராய்ச்சியிலே நிலைநாட்டப்பட்டிருக்கிறது. இன்று இலங்கையிலே, தோட்டத்துக் குழந்தை உட்பட ஏறத்தாழ ஒவ்வொரு குழந்தையும், பிறந்த ஆஸ்பத்திரியை விட்டு வெளியேறும் முன்பே இந்த ஊசியைப் பெற்றுவிடுகிறது. அது போற்றத்தக்க சாதனை. அதைக் குறைத்துப் பேசுவோர் உழைக்கும் மக்களின் எதிரிகளே. ஆனால் அந்தத் தழும்பு குழந்தைப் பருவத்துக்கு மட்டுமே காவல். பதினாறு வயதிலே கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிய பின்னரும் அது காக்கும் என்று நம்பியிருப்பது அறியாமை. நம்பச் செய்வது வஞ்சகம்.

✽

இனி மருந்தின் கதைக்கு வருவோம். இங்கும் சான்றாக நிற்பவர்கள் தமிழ் ஏழைகளே என்பதை நாம் பெருமையோடும் வேதனையோடும் நினைவுகூர வேண்டும். 1956இல் சென்னைச் சேத்துப்பட்டிலே காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் நிறுவப்பட்டது. வாலஸ் பாக்ஸ் என்னும் ஆங்கிலேய வைத்தியர் அதன் பொறுப்பை ஏற்றார். காசநோயாளியைச் சானடோரியத்திலே சேர்த்து, பாலும் முட்டையும் ஓய்வும் தூய காற்றும் கொடுத்தால்தான் பிழைப்பார் என்பது அக்காலத்து வைத்திய நம்பிக்கை. ஏழை நாடுகளிலே அத்தனை பேருக்குக் கட்டில் ஏது? ஆகவே 193 நோயாளிகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் சானடோரியத்திலே. மற்றவர் தம் நெருக்கடியான குடிசைகளிலேயே. இரு சாராருக்கும் ஒரே மாத்திரைகள். 1959இல் முடிவு வெளியாயிற்று. குடிசையிலே அரைவயிற்றுக் கஞ்சியோடு மாத்திரை தின்றவரும், சானடோரியத்திலே நல்லுணவும் ஓய்வும் பெற்றவரும் ஏறத்தாழ ஒரே அளவிலே குணமடைந்தனர். நோயாளி வீட்டிலேயே இருந்ததனால் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகத் தொற்றவுமில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டமைக்கு இம்முடிவு ஒரு பெருங்காரணம்.

இதே சென்னையிலே, 1961இல், ‘பாலும் பழமும்’ திரைப்படம் வெளிவந்தது. வைத்தியரின் மனைவிக்குக் காசநோய். கணவரின் ஆராய்ச்சிக்குத் தன் நோய் இடையூறாகிறது என்று கருதி அவள் வீட்டை விட்டே வெளியேறுகிறாள். அந்தத் தியாகத்தின்மீது கதை முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது. படம் பார்த்தவர்கள் கண்ணீர் வடித்தார்கள். ஆனால் காசநோயாளி வீட்டை விட்டு எங்கும் போகவேண்டியதில்லை, வீட்டிலிருந்தே குணமடையலாம் என்பதைக் கோடம்பாக்கத்துக்குக் கூப்பிடு தூரத்திலே, சேத்துப்பட்டிலே, குடிசைவாசிகள் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மெய்ப்பித்திருந்தார்கள்! அவர்களுடைய கதையை எந்தப் படமும் சொல்லவில்லை. நமது கலைஞர்கள் காசநோயிலே தியாகத்தைக் கண்டார்கள், விதியைக் கண்டார்கள், கைக்குட்டையில் சிவந்த கறையைக் கண்டார்கள். மருந்து தீர்ந்துபோன நாளிலே என்ன செய்வதென்று திகைத்து நிற்கும் கூலிக்காரனைக் காணவில்லை. நோயாளி வீட்டை விட்டு விலகுவதே அழகு என்ற கருத்து, நோயை மறைக்கச் செய்கிறது. மறைந்த நோய் பரவுகிறது. கலையின் பிழை இவ்விடத்திலே சுகாதாரத்தின் பிழையாகிவிடுகிறது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். ‘குடிசையிலே கஞ்சி குடித்தவரும் குணமடைந்தார் என்றால், வீடும் உணவும் வேண்டும் என்று நீங்கள் போராடுவது எதற்கு? மாத்திரை போதுமே!’ என்று தோட்ட முதலாளியும் கேட்பார். அவருக்காகப் பேசும் நிபுணரும் கேட்பார். இந்த ஆட்சேபத்தைக் கோஷங்களால் மூடிவிட முடியாது. அறிவினாலேயே எதிர்கொள்ள வேண்டும்.

சென்னைச் சோதனை விடை கண்டது ஒரு கேள்விக்கு: நோயுற்றவர் குணமடைவாரா? அவருடைய சகோதரி, அவருடைய பிள்ளை, அடுத்த காம்பராவில் இருப்பவர் நோயுறாமல் இருப்பார்களா என்பது மற்றொரு கேள்வி. முதலாவது கேள்விக்கு மாத்திரை விடையாகலாம். இரண்டாவது கேள்விக்கு மாத்திரை மட்டும் விடையாகுமா என்பதை ஆப்பிரிக்காவின் தென்கோடியிலே சோதித்துப் பார்த்தார்கள்.

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களின் தொழிலாளர் நமது தோட்டத் தொழிலாளருக்கு இரத்த உறவினர் என்றே சொல்லலாம். லெசோத்தோவிலிருந்தும் கிழக்குக் கேப் கிராமங்களிலிருந்தும் ஆள்பிடித்துக் கொண்டுவரப்பட்டு, கம்பவுண்டு என்னும் கொட்டடிகளிலே அடைக்கப்பட்டு, சிலிக்காத் தூசியைச் சுவாசித்து, காசநோய் கண்டவுடன் ஊருக்குத் திருப்பியனுப்பப்பட்டவர்கள் அவர்கள். சுரங்கத்தின் நோய் இவ்விதமே ஆப்பிரிக்கக் கிராமங்களின் நோயாயிற்று. இந்த நூற்றாண்டிலே, அச்சுரங்கங்களில் ஏறத்தாழ 27,000 தொழிலாளர் பங்குகொண்ட ஒரு சோதனை நடைபெற்றது. அதன்படி சில சுரங்கங்களிலே, தொழிலாளர் எல்லோருக்கும் ஒருசேர, ஒன்பது மாதங்களுக்கு ஐசோனியசிட் தடுப்பு மாத்திரை வழங்கப்பட்டது. 2014இல் வெளியான முடிவு என்ன? மாத்திரை தின்ற காலத்திலே, தின்றவருக்குப் பாதுகாப்பு இருந்தது. நிறுத்தியவுடன் அப்பாதுகாப்பும் அகன்றது. சுரங்கத்தின் மொத்தக் காசநோய் குறையவேயில்லை. தூசியும் கொட்டடியும் அப்படியே இருக்க, மனிதனுக்கு மட்டும் மருந்து கொடுத்ததன் பலன் இது.

இதற்கு எதிர்ச்சோதனை இந்தியாவின் ஜார்க்கண்டிலே நடந்தது. காசநோயாளி இருக்கும் குடும்பங்களைத் தேர்ந்து, ஒரு பிரிவுக் குடும்பங்களிலே நோயாளியோடு உடன் வாழ்வோருக்கும் மாதந்தோறும் ஆளுக்கு ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தனர். மற்றப் பிரிவிலே நோயாளிக்கு மட்டும் உணவு. பதினாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த இச்சோதனையின் முடிவு 2023இல் வெளியாயிற்று. உணவு பெற்ற குடும்பத்தாரிடையே புதிதாகக் காசநோய் காண்பது 39 சதவீதம் குறைந்தது. பிறருக்குத் தொற்றக்கூடிய நுரையீரல் காசநோயோ 48 சதவீதம் குறைந்தது. பெரியவர்களுக்குச் செங்கற்பட்டிலே பி.சி.ஜி. கொடுக்க முடியாத பாதுகாப்பை, ஜார்க்கண்டிலே அரிசியும் பருப்பும் கொடுத்தன. தோட்ட முதலாளியின் ஆட்சேபத்துக்கு இதுவே விடை. உண்ட சோறு ஒரு தடுப்பு மருந்து என்பது இனிமேல் மேடைப் பேச்சன்று. அளந்து நிறுவப்பட்ட விஞ்ஞானம்.

✽

இந்த அளவுகோலோடு மலைநாட்டுக்குத் திரும்புவோம்.

பிரிட்டிஷார் காலத்தில் கட்டப்பட்ட லயங்களிலே இன்னும் பல்லாயிரம் குடும்பங்கள் வாழ்கின்றன. ஒரே கூரையின் கீழ் வரிசையாகச் சிறு சிறு காம்பராக்கள், முன்னே ஒரு இஸ்தோப்பு, அங்கேயே விறகடுப்பு. நுவரெலியாவின் குளிருக்கும் மழைக்கும் அஞ்சிக் கதவையும் இருக்கும் ஒரு ஜன்னலையும் அடைத்துக்கொண்டு, மூன்று தலைமுறையினர் ஒரே காம்பராவிலே படுத்துறங்குகிறார்கள். காசநோய்க் கிருமி இருமலின் நுண்துளியிலே ஏறிக் காற்றில் மிதப்பது. வெயிலும் காற்றோட்டமும் அதன் பகைவர். இருளும் நெருக்கமும் அதன் நண்பர். நண்பர் யாரோ அவர்களை வைத்துக்கொண்டு, பகைவர் யாரோ அவர்களை வெளியே நிறுத்தும் கட்டிடத்தை நாம் வீடு என்று அழைத்து வருகிறோம்.

உணவைப் பார்ப்போம். 2016ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட நாடளாவிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்குப் பதினேழு பேர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்தனர். தோட்டப்புறத்திலே இத்தொகை நூற்றுக்கு முப்பத்திரண்டு. ஏறத்தாழ இரு மடங்கு. கோதுமை மாவு ரொட்டியும் சம்பலும் சாயத் தேநீருமாக வளர்ந்த உடல் இது. குழந்தை மருத்துவ அட்டையிலே தடுப்பூசிக் கட்டங்கள் யாவும் நிறைந்திருக்கின்றன. உயரத்தின் கோடோ தாழ்ந்து கிடக்கிறது. ஒரே அட்டையிலே தென்படும் இவ்விரு குறிகளையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவரே மலையகத்தின் சுகாதாரத்தைப் படிக்கத் தெரிந்தவர்.

இனிக் கூலி. ஆயிரம் ரூபாய் நாட்கூலிக்காகத் தொழிலாளர் பல ஆண்டுகள் போராடிய பின்னர், 2021 மார்ச்சிலேதான் அது அரசிதழில் ஏறியது. மறு ஆண்டே வந்த பொருளாதார நெருக்கடியும் விலையேற்றமும் அந்த ஆயிரத்தைத் தின்றுவிட்டன. தொகையைக் காட்டிலும் கூலி கணக்கிடப்படும் முறை நோயோடு நெருங்கிய தொடர்புடையது. 2013ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தை உதாரணமாகக் கொள்ளலாம். அடிப்படைக் கூலி 450 ரூபாய். அதன்மேல் வருகைக் கொடுப்பனவு 140 ரூபாய். வேலை வழங்கப்பட்ட நாட்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து நாட்களுக்குக் குறைந்து வந்தால் அக்கொடுப்பனவு கிட்டாது. இருமலோடும் மாலைக் காய்ச்சலோடும் மலையேறும் ஒரு பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி மட்டுமன்று, மாதம் முழுவதும் உழைத்த நாட்களின் வருகைப் பணமும் சேர்ந்து போய்விடக்கூடும். வந்தாலோ, குறித்த கிலோக் கொழுந்தைப் பறிக்க வலுவில்லாவிடில் அரைப்பேர். ஆகவே அவள் தோட்ட டிஸ்பென்சரியிலே இருமல் மருந்தை வாங்கிக் குடித்துக்கொண்டு மலைக்கே போகிறாள். இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமலுக்குச் சளிச் சோதனை செய்யவேண்டும் என்று சுகாதாரத் திணைக்களம் சுவரொட்டியிலே சொல்கிறது. பொகவந்தலாவையிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் நாளுக்குப் பேர் போடுவது யார் என்பதை எந்தச் சுவரொட்டியும் சொல்வதில்லை.

இலங்கையிலே ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 14,000 பேருக்குக் காசநோய் உண்டாவதாக உலக சுகாதார ஸ்தாபனம் அண்மை ஆண்டுகளில் மதிப்பிட்டு வந்திருக்கிறது. பதிவேட்டிலே ஏறுவோர் எட்டாயிரம், ஒன்பதாயிரம் என்ற அளவினர். எஞ்சிய ஆயிரங்கள் யார்? பதிவானோரில் கொழும்பு மாவட்டத்தவரே அதிகம் என்ற உண்மையைச் சுட்டிக்காட்டி, மலையகத்துக்கு இக்கவலை வேண்டாம் என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் கொழும்பின் கடைகளிலும் ஹோட்டல்களிலும் பங்களாக்களிலும் வேலை செய்து, பத்துப் பேர் ஒரே அறையில் படுத்துறங்கும் இளைஞர்களிலே கணிசமானோர் எங்கிருந்து போனவர்கள்? தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் அவர்கள் திரும்பி வருவது எந்தக் காம்பராவுக்கு? சுரங்கத்தையும் ஆப்பிரிக்கக் கிராமத்தையும் இணைத்த பாதையைப் போன்றதொரு பாதை, புறக்கோட்டையையும் லயத்தையும் இணைத்திருக்கிறது. மாவட்ட எல்லைகளைப் புள்ளிவிவரம் மதிக்கும், கிருமி மதிக்காது.

✽

ஆகவே நாம் கோரவேண்டியவை எவை? ஊசியை நிறுத்துவதன்று, ஊசியோடு நிற்பதை நிறுத்துவது. சளிச் சோதனைக்குச் செல்லும் நாள் கூலியோடு கூடிய நாளாகவேண்டும். சளி மாதிரியைத் தோட்டத்திலேயே சேகரித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் ஒழுங்கு வேண்டும். தொழிலாளி பஸ் ஏறுவதைக் காட்டிலும் ஒரு சிறு குப்பி பஸ் ஏறுவது எளிது. காசநோய் கண்ட ஒவ்வொரு காம்பராவுக்கும், நோயாளிக்கு மட்டுமன்றி உடனுறைவோர் அனைவருக்கும், சிகிச்சைக் காலம் முழுவதும் அரிசியும் பருப்பும் உரிமையாகத் தரப்படவேண்டும். இவற்றுக்கெல்லாம் அடியிலே, லயம் ஒழிந்து, நிலத்தோடு கூடிய வீடு தொழிலாளிக்குச் சொந்தமாகவேண்டும். தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. 1992இல் மீண்டும் கம்பெனிகளின் கைக்குச் சென்றன. உடைமையாளர் மாறினர், காம்பராவின் சுவர் மாறவில்லை.

இலக்கியத்துக்கு இதிலே என்ன வேலை என்று கேட்போர் உண்டு. பி. எச். டேனியல் என்னும் வைத்தியர், ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களிலே பணிபுரிந்து, அங்கே கேட்டதையும் கண்டதையும் 1969இல் ஆங்கிலத்தில் ஒரு நாவலாக எழுதினார். இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்ற பெயரோடு 2007இல் அது தமிழுக்கு வந்தது. அந்நாவலின் வலிமை எங்கே இருக்கிறது? நோயை அவர் விதியின் கையிலே கொடுக்கவில்லை; கங்காணியின் முன்பணத்தோடும் தோட்டத்தின் கணக்குப் புத்தகத்தோடும் சேர்த்தே காட்டினார். சாவு அங்கே அழகாக இல்லை, காரணத்தோடு இருக்கிறது. நோயைப் பற்றிய எழுத்துக்கு இதுவே உரைகல். நோயாளியைப் பார்த்து அழச் செய்யும் எழுத்து நமக்கு ஏராளமாக உண்டு. அவர் ஏன் நோயாளியானார் என்று வாசகனைக் கேட்கச் செய்யும் எழுத்தே நமக்கு வேண்டியது. மலையகத்து எழுத்தாளர்கள் கொழுந்தைப் பற்றியும் கூடையைப் பற்றியும் லயத்தைப் பற்றியும் சிறப்பாக எழுதியிருக்கிறார்கள். லயத்து இரவிலே கேட்கும் இருமலைப் பற்றியும், அதன் கணக்குத் தீராதவரையில், அவர்கள் எழுதவேண்டும்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு சொல். தோட்டப் பாடசாலையின் வகுப்பறையிலே, காசநோயைப் பற்றிய பாடத்தில் கிருமியின் பெயர், பரவும் வழி, தடுப்பூசியின் பெயர் என்று மூன்று வினாவுக்கு மூன்று விடை எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். அந்த மூன்றும் சரியானவை. அவற்றைக் கட்டாயம் கற்பியுங்கள். அத்தோடு நான்காவது வினாவொன்றையும் கேளுங்கள்: ஒரே கிருமி பங்களாவுக்குள்ளும் புகுகிறது, லயத்துக்குள்ளும் புகுகிறது, லயத்திலே மட்டும் அது நோயாக வளர்வதற்கு வாய்ப்பு அதிகமாவது ஏன்? அதற்கு விடை தேடும் பிள்ளைகள் தம் தாயின் கூலிச் சீட்டையும், தம் காம்பராவின் ஜன்னலையும், தம் உயரத்தையும் அளக்கத் தொடங்குவார்கள். 1949இலே அவர்களுடைய பாட்டனாரிடமிருந்து பறிக்கப்பட்ட வாக்கு, நீண்ட போராட்டத்தின் பின் திரும்பக் கிடைத்துவிட்டது. அந்த வாக்கைக் கொண்டு எதைக் கேட்பது என்பதை அறிவதற்கு அந்த அளவைகள் அவர்களுக்கு வேண்டும்.